சாலை போடாத காட்டைச் சட்டம் போட்டுக் காப்பாற்றுங்கள்

மழைத் தண்ணீர் சாலையைத் தாண்டி எப்படிப் போக வேண்டும் என்று கணக்குப் போடுவதுதான் என் தொழில். சியாட்டிலுக்கு வடக்கே, எவரெட் பக்கம், சிறிய பொறியியல் நிறுவனம் ஒன்றில் பல வருடங்களாக இதைத்தான் செய்கிறேன். கல்வெர்ட், அதாவது சாலைக்கடியில் தண்ணீர் போகும் குழாய், எவ்வளவு அகலம் வேண்டும், ஓரக் கால்வாய் எங்கே முடிய வேண்டும், சரிவை வெட்டினால் மண் எந்தப் பக்கம் இறங்கும், நாள் முழுக்க இதே பேச்சு. சாலை மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை. ஆனால் இந்த நாட்டில் இன்னும் சாலையே நுழையாமல் மிஞ்சியிருக்கும் பொதுக் காடுகளை அப்படியே விட வேண்டும் என்று முழு மனதோடு சொல்கிறேன். அதைச் சட்டமாக்க வேண்டியவர்கள் வாஷிங்டன் டிசியில் உட்கார்ந்திருக்கும் செனட்டர்களும் பிரதிநிதிகளும். அவர்களிடம் கேட்க வேண்டியவர்கள் நாம். இந்தப் பதிவு அதற்காகத்தான்.

நடந்தது இது. 2025 ஜூன் 23-ம் தேதி நியூ மெக்சிகோவின் சான்டா ஃபே நகரில் மேற்கு மாநில ஆளுநர்கள் கூடியிருந்தபோது, விவசாயத் துறைச் செயலாளர் புரூக் ராலின்ஸ், சாலையில்லாக் காடுகளைக் காக்கும் ரோட்லெஸ் விதியை ரத்து செய்யப்போவதாக அறிவித்தார். காட்டைப் பற்றி விவசாயத் துறை ஏன் பேசுகிறது என்று என் அலுவலகத் தோழி ஒருத்தியே கேட்டாள். இங்கே தேசியப் பூங்கா வேறு, தேசியக் காடு வேறு. மவுண்ட் ரெய்னியர் மாதிரியான பூங்காக்கள், பொது நிலங்களைக் கவனிக்கும் உள்துறையின் கீழ் வருகின்றன, அங்கே விற்பனைக்கு மரம் வெட்ட முடியாது. தேசியக் காடுகள் 1905-லிருந்து, வனத்துறையின் முதல் தலைவர் கிஃபர்ட் பின்ஷோ காலத்திலிருந்து, விவசாயத் துறையின் கீழ் இருக்கின்றன. மரம் வெட்டலாம், மாடு மேய்க்கலாம், சுரங்கம் தோண்டலாம், கூடாரமும் போடலாம். நம் ஆட்கள் வார இறுதியில் புளியோதரை கட்டிக்கொண்டு ஏறும் மலைப்பாதைகள் பலவும் மவுண்ட் பேக்கர்-ஸ்னோகால்மி தேசியக் காட்டில்தான் இருக்கின்றன. பூங்கா என்று நினைத்துக்கொண்டு நடக்கிறோம், அது பூங்கா இல்லை.

அந்தத் தேசியக் காடுகளுக்குள் சாலை இல்லாத பகுதிகளாகக் கணக்கெடுக்கப்பட்டவை 5.85 கோடி ஏக்கர். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே சுமார் 3.2 கோடி ஏக்கர்தான், அதை வைத்து அளவைப் புரிந்துகொள்ளுங்கள். இவற்றில் புதிதாகச் சாலை போடக் கூடாது, சில விலக்குகள் தவிர வணிகத்துக்கு மரம் வெட்டக் கூடாது என்று 2001 ஜனவரி 12 அன்று வந்ததுதான் அந்த விதி. கிளிண்டன் ஆட்சியின் கடைசி நாட்கள் அவை. அவசரமாகத் திணித்தது என்று இன்றுவரை சொல்கிறார்கள். ஆனால் வேலை தொடங்கியது 1999 அக்டோபரில். நாடு முழுக்க அறுநூறு பொதுக் கூட்டங்கள் நடந்தன, 16 லட்சம் பேர் கருத்து எழுதினார்கள். அப்புறம் பத்து வருடத்துக்கு மேல் நீதிமன்றங்களில் இழுபட்டது. வயோமிங் மாநிலம் வழக்குப் போட்டது, ஒரு நீதிபதி தடுத்தார், இன்னொருவர் உயிர் கொடுத்தார், 2011-ல் பத்தாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதி செல்லும் என்றது, 2012-ல் உச்ச நீதிமன்றம் அதற்குமேல் விசாரிக்க மறுத்துவிட்டது. ஐடஹோவும் கொலராடோவும் தங்களுக்கென்று தனி விதி வாங்கிக்கொண்டன. அவை போக இப்போது ரத்து ஆபத்தில் இருப்பது சுமார் 4.47 கோடி ஏக்கர்.

கேம்பிங், நடைப்பயணம், மீன்பிடிப்பு, வேட்டை, மேய்ச்சல் எதையும் இந்த விதி தடுக்கவில்லை. புதிய சாலையையும் அதன் பின்னால் வரும் மரம் வெட்டலையும் தவிர வேறு எதிலும் பெரிதாகக் கை வைக்கவில்லை.

சாலை வந்தால் என்ன ஆகும் என்பதை என் தொழிலிலிருந்து சொல்கிறேன். மலைச்சரிவில் சாலை போட வேண்டுமென்றால் மேல்பக்கத்தை வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டி மட்டப்படுத்த வேண்டும். மண்ணுக்குள் மெதுவாக ஊறி இறங்கிக்கொண்டிருந்த தண்ணீர் வெட்டிய முகத்தில் வெளியே வந்துவிடும். ஓரக் கால்வாயில் விழுந்து ஓடத் தொடங்கும். பல நாள் எடுத்து ஆற்றுக்குச் சேர வேண்டிய தண்ணீர் சில மணி நேரத்தில் சேரும், போகும் வழியில் சேற்றையும் வாரிக்கொண்டு போகும். ஓடை குறுக்கிடும் இடத்தில் குழாய் பதித்து மேலே மண் நிரப்புவார்கள். பெருமழையில் உருண்டுவரும் கட்டையும் கல்லும் குழாயின் வாயை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் பின்னால் தேங்கித் தேங்கி, நிரப்பிய மண்ணையே தள்ளிக்கொண்டு மொத்தமாகக் கீழே இறங்கும். ஊருக்குள் இப்படி அடைத்தால் யாராவது போன் செய்வார்கள், மறுநாள் ஆள் போய் எடுத்துவிடலாம். மலைக்குள் பல மைல் தள்ளி அடைத்தால் யார் பார்ப்பது? கடைசி மர லாரி போன பிறகு அந்தப் பக்கம் ஆள் நடமாட்டமே இருக்காது. சாலையும் குழாயும் மட்டும் அங்கே கிடக்கும், ஒவ்வொரு மழைக்கும்.

பழைய காட்டுச்சாலை ஒன்றை மூடும் வேலையில் நானும் இருந்திருக்கிறேன். 1960-களில் மரம் இறக்கப் போட்ட சாலை. துருப்பிடித்த நெளித்தகட்டுக் குழாயைத் தோண்டி எடுத்து, நிரப்பிய மண்ணை அள்ளி, ஓடைக்குப் பழைய சரிவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். குழாயின் அடித்தகடு முழுக்க அரித்துப் போயிருந்தது, தண்ணீர் அதற்குள் ஓடாமல் அடியில் மண்ணைக் குடைந்துகொண்டு ஓடியது. கீழ்முனை ஓடை மட்டத்திலிருந்து என் இடுப்பு உயரத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. முட்டையிட மேலேறி வரும் மீன் அந்த உயரத்தைத் தாண்டவே முடியாது. எத்தனை சால்மன் தலைமுறை அங்கே வந்து முட்டித் திரும்பியிருக்கும் என்று நினைத்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. போட்டவர்கள் மரத்தை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள், மூடுவதற்கு அரைநூற்றாண்டு கழித்து வரிப்பணம்.

இது ஒரு சாலையின் கதை. 2001-ல் விதியை எழுதியபோது அரசே தந்த விளக்கத்தைப் படியுங்கள். தேசியக் காடுகளுக்குள் ஏற்கெனவே 386,000 மைல் சாலை இருக்கிறது, பராமரிப்புப் பாக்கி மட்டும் 840 கோடி டாலர் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். இருப்பதையே பார்த்துக்கொள்ளப் பணம் இல்லாதபோது புதிதாக எதற்கு என்று கேட்டது சுற்றுச்சூழல் அமைப்பு எதுவும் இல்லை, வனத்துறையே கேட்டது. அதே ஆவணத்தில் நிலச்சரிவுக் கணக்கும் இருக்கிறது. ஆரிகன், வாஷிங்டன் மாநிலங்களில் பார்வையிட்ட 1,290 சரிவுகளில் 52 சதவீதம் சாலையோடு தொடர்புடையவை, 31 சதவீதம் மரம் வெட்டிய இடங்கள், தானாக நடந்தவை 17 சதவீதம்தான். குடிநீரும் உண்டு: ஊர்களுக்குக் குடிநீர் தரும் 354 நீர்ப்பிடிப்புகள் முழுதாகவோ பகுதியாகவோ சாலையில்லாப் பகுதிகளுக்குள் இருக்கின்றன. என் தொழிலில் இருக்கும் யாரும் இந்த எண்களைப் பார்த்துவிட்டுப் புதுச்சாலை போடச் சொல்ல மாட்டார்கள்.

சரி, அங்கே என்னதான் இருக்கிறது? ஸ்கைகோமிஷ் ஆற்றின் வடக்குக் கிளையோரம் நடந்திருக்கிறீர்களா? இன்டெக்ஸ் ஊரைத் தாண்டிப் போக வேண்டும். பள்ளத்தாக்கின் அடியில் செங்கருங்காலி நிறத்தில் பட்டை உரியும் சீடர் மரங்கள், டக்ளஸ் ஃபர், ஹெம்லாக். நாலு பேர் கைகோர்த்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத அடிமரங்கள் இன்னும் சில நிற்கின்றன. விழுந்த மரம்கூட நூறு வருடம் வேலை செய்கிறது: அதன் முதுகில் ஹெம்லாக் கன்றுகள் வரிசையாக முளைத்து, வேரை இரண்டு பக்கமும் தரைக்கு இறக்கிக்கொண்டு நிற்கும். மார்பிள்டு மர்லெட் என்று ஒரு கடற்பறவை இருக்கிறது. கடலில் மீன் பிடித்துத் தின்னும் பறவை, முட்டையிட மட்டும் பல மைல் உள்ளே பறந்துவந்து, கிழட்டு மரங்களின் உச்சியில் பாசி படர்ந்த தடித்த கிளையில் ஒரே ஒரு முட்டை இடும். கூடு கட்டாது, அந்தப் பாசியே அதற்குப் படுக்கை. அப்படிப் பாசி பிடிக்கும் அளவுக்குக் கிளை பருக்க ஒன்றிரண்டு நூற்றாண்டு ஆகும். அதன் கூடு எங்கே என்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்ததே 1974-ல்தான். வெட்டிவிட்டு நாற்று நட்டால் போதும் என்று சொல்பவர்களிடம் நான் இந்தப் பறவையைப் பற்றித்தான் பேசுவேன். நடும் நாற்று அதற்கு எந்தக் காலத்தில் கிளை தரும்?

ஆற்றில் சால்மன் சரளைக் கல்லை வாலால் விலக்கிப் பள்ளம் பறித்து முட்டையிடுகிறது. குளிர்காலம் முழுக்க முட்டைகள் அந்தக் கல்லுக்கடியில் கிடக்கும், கல் இடுக்கு வழியாக ஓடும் தண்ணீர்தான் அவற்றுக்கு மூச்சு. மேலே வெட்டிய சாலையிலிருந்து இறங்கும் வண்டல் அந்த இடுக்குகளை அடைத்தால் முட்டை மூச்சு முட்டிச் சாகும். இந்த மீனை நம்பி வாழ்ந்த டுலாலிப், ஸ்னோகால்மி, சாக்-சுயாட்டில் பழங்குடி மக்களின் நிலம்தான் இந்த மொத்தக் காடும். 1855-ல் பாயின்ட் எலியட் ஒப்பந்தத்தில் நிலத்தைக் கொடுத்தபோதும் அவர்கள் மீன்பிடி உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. மீனே வராத ஆற்றில் மீன்பிடி உரிமை இருந்து என்ன பயன்? பின்னால் வந்து குடியேறிய நாங்கள் எல்லோரும் அந்த வாக்குறுதிக்கும் பொறுப்பாளிகள் என்றுதான் நான் குடியுரிமைப் பிரமாணம் எடுத்த நாளிலிருந்து நினைக்கிறேன்.

ரத்து செய்யச் சொல்பவர்கள் முன்வைக்கும் பெரிய காரணம் காட்டுத்தீ. சாலை இல்லாவிட்டால் தீயணைப்பு வண்டி போக முடியாது, காய்ந்த புதரை வெட்ட முடியாது என்கிறார்கள். இதை நான் சுலபமாக ஒதுக்கவில்லை. 2022 செப்டம்பரில் போல்ட் கிரீக் தீ வந்தபோது நெடுஞ்சாலை 2-ஐ மூடினார்கள், அக்டோபர் வரை புகை போகவில்லை, எங்கள் வீட்டில் குழந்தைகளை வாசலுக்குக்கூட விடவில்லை. ஆனால் அந்தத் தீ பிடித்தது எங்கே? நெடுஞ்சாலையையும் ஊரையும் ஒட்டி, மனிதர் கையால். 1992 முதல் 2012 வரையிலான பதிவுகளை எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு, அமெரிக்காவில் மூண்ட காட்டுத்தீகளில் 84 சதவீதம் மனிதரால் மூண்டவை என்று காட்டியது. எரிந்த பரப்பில் அவற்றின் பங்கு 44 சதவீதம், ஆக மின்னல் தீயும் பெரிய ஆபத்துதான், மறுக்கவில்லை. ஆனால் மனிதர் போகும் இடத்துக்கு மனிதர் தீயும் போகும். கேம்ப் நெருப்பு, சிகரெட், பட்டாசு, வண்டியின் சூடான புகைக்குழாய் எல்லாம் சாலை வழியாகத்தான் காட்டுக்குள் வருகின்றன.

அதைவிட முக்கியம், இப்போதுள்ள விதியே தீக்கு வழி விட்டிருக்கிறது. தீயோ வெள்ளமோ உயிருக்கும் உடைமைக்கும் உடனடி ஆபத்தாக வந்தால் சாலை போடலாம். பெருந்தீயின் அபாயத்தைக் குறைக்க, சிறு விட்ட மரங்களை வெட்டலாம். காஸ்கேட் மலையின் கிழக்குப் பக்கம், வெனாச்சி, லெவன்வொர்த் பகுதிகளின் வறண்ட பைன் காடுகளில் அந்த வேலை நிஜமாகவே தேவை. ஊரை ஒட்டிய சரிவுகளில் புதரைக் கழித்து, கட்டுப்பாட்டோடு எரித்து விட வேண்டும். அதற்கு விதி குறுக்கே நிற்கவில்லை, ஆளும் பணமும்தான் போதவில்லை. செனட்டர் இதைப் பற்றிப் பேசினால் அந்தப் பணத்தைக் கேளுங்கள். ஊரிலிருந்து முப்பது மைல் தள்ளி, பாசி சொட்டும் மேற்குச் சரிவில் தடித்த சீடரை வெட்டுவதால் எந்த வீடும் தீயிலிருந்து காப்பாற்றப்படப் போவதில்லை.

2025 மார்ச் 1-ம் தேதி மர உற்பத்தியைக் கூட்டச் சொல்லி ஜனாதிபதியின் ஆணை வந்தது. ஏப்ரலில் தேசியக் காடுகளின் 11 கோடி ஏக்கருக்கு மேல் அவசரநிலை அறிவித்தார்கள். ஜூனில் ரோட்லெஸ் ரத்து. இந்த வரிசையைப் பார்க்கும் யாருக்கும் நோக்கம் விளங்கும், தீ இதில் பாதிக் காரணம்கூட இல்லை.

மரத்தை நம்பி வாழும் ஊர்களைப் பற்றிப் பேசாமல் இதை எழுத எனக்கு மனம் வராது. எங்கள் பக்கத்து மலையூரான டாரிங்டனில் மர மில் இருக்கிறது, அங்கே வேலை செய்பவர்கள் நல்ல மனிதர்கள். என் ஊர் கூடலூர், நீலகிரி மாவட்டம். என் தாய்மாமா அங்கே ஒரு மர மில்லில் கணக்கு எழுதினார். 1996 டிசம்பர் 12-ல் கோதவர்மன் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டதும் மில் நின்றது. நிலம்பூரைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு கூடலூர்க் காடு வெட்டுப்படுவதைப் பொறுக்காமல் போட்ட வழக்கு, நாடு முழுக்கக் காட்டுக்கு அரணாக மாறியது. எங்கள் குடும்பத்துக்கு அது முதலில் மாமாவின் சம்பளம் நின்ற செய்தியாகத்தான் வந்து சேர்ந்தது. அவர் இன்னொரு வேலையில் நிலைக்க நாளாயிற்று, அத்தையின் வளையல் அடகுக் கடைக்குப் போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

2025 ஜூனில் அந்த ரத்து அறிவிப்பு வந்த வாரம் மாமாவோடு போனில் பேசினேன். "மாமா, இங்கயும் காட்டைத் திறந்துவிடப் போறாங்களாம்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "உருட்டுக் கட்டை சுற்றளவு நோட்டுல எழுதுனது நான்தானேம்மா. சேர்ந்த புதுசுல எழுதுன அளவு வேற. ஈட்டி, தேக்கெல்லாம் டேப்பு பத்தாது. கடைசியில எழுதுனதெல்லாம் தூண் கனம்தான். கோர்ட்டு மூடலேன்னா இன்னும் கொஞ்ச வருஷத்துல மரமே மூட வெச்சிருக்கும்" என்றார். "நீங்க அப்ப கோர்ட்டைத் திட்டுனீங்களே மாமா" என்று கேட்டேன். "திட்டுனேன். மில்லை மூடுனவங்க எங்களுக்கு ஒரு வழி காட்டாம மூடுனாங்க. அதுக்குத் திட்டுனேன். அந்த அமெரிக்காக்காரங்ககிட்ட அதையும் சேத்துச் சொல்லு" என்றார்.

அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இங்கே 1908-லிருந்து தேசியக் காட்டு வருமானத்தில் 25 சதவீதம் பள்ளிக்கும் சாலைக்கும் என்று அந்தந்தக் கவுண்டிக்கு, அதாவது மாவட்டத்துக்கு, போகிறது. மரம் அதிகம் வெட்டினால் பள்ளிக்கூடத்துக்கு அதிகப் பணம். 1990-களில் வெட்டு குறைந்ததும் அந்தப் பள்ளிகள் தள்ளாடின. 2000-ல் கொண்டுவந்த ஊரகப் பள்ளிகள் சட்டம் அந்த இழப்பை ஈடுகட்டப் பணம் தருகிறது, ஆனால் அதை அவ்வப்போது காங்கிரஸ் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். இதை நிரந்தரமாக்கி, ஒரு குழந்தையின் வகுப்பறைக்கும் ஒரு மரத்தின் உயிருக்கும் முடிச்சு இல்லாமல் செய்வது சட்டம் இயற்றுபவர்கள் கையில் இருக்கிறது. டாரிங்டன் மில்லுக்குத் தேவையான மரம், ஏற்கெனவே வெட்டி நட்டு வளர்ந்த, ஏற்கெனவே சாலை இருக்கும் காடுகளிலிருந்து வரட்டும். சாலையில்லாப் பகுதிகள் இத்தனை காலம் தப்பியதே செங்குத்தான, மரம் இறக்கக் கட்டுபடியாகாத இடங்கள் என்பதால்தான். அங்கே சாலை போட்டால் மரம் விற்ற காசு சாலைச் செலவுக்கே பெரும்பாலும் போதாது, மிச்சத்தை நாம்தான் கட்டுவோம்.

விதி இருக்கும்போது சட்டம் எதற்கு என்று கேட்கலாம். அலாஸ்காவின் டோங்காஸைப் பாருங்கள். 1.67 கோடி ஏக்கர், நாட்டிலேயே பெரிய தேசியக் காடு. அதில் சாலையில்லாத 90 லட்சம் ஏக்கருக்கு மேல் இருந்த பாதுகாப்பை 2020 அக்டோபரில் ஓர் ஆட்சி எடுத்தது. 2023 ஜனவரியில் அடுத்த ஆட்சி திருப்பித் தந்தது. 2025-ல் மறுபடி எடுக்கக் கிளம்பியிருக்கிறார்கள். எண்ணூறு வருட மரத்துக்கு நாலு வருடத் தவணையில் பாதுகாப்பு கொடுப்பது என்ன நியாயம்? விதியை எழுதிய துறையே அதை அழிக்கலாம். சட்டத்தை அப்படி அழிக்க முடியாது, இரு அவையிலும் வாக்கு வேண்டும். சட்டம் இயற்றுபவர்கள் சறுக்கினால் நீதிமன்றக் காவலும் தளரும் என்பதையும் ஊரில் பார்த்தோம்: 1996 உத்தரவு விரித்த பாதுகாப்பின் எல்லையை 2023-ல் இந்திய நாடாளுமன்றம் திருத்தச் சட்டம் போட்டுச் சுருக்கியது, அது மறுபடி உச்ச நீதிமன்றத்தில் நிற்கிறது. எங்கே இருந்தாலும் கடைசியில் போய்ப் பேச வேண்டிய இடம் சட்டமன்றம்தான்.

அவர்களால் முடியும் என்பதற்கு எங்கள் வீட்டுப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. நான் மேலே சொன்ன ஸ்கைகோமிஷ் வடக்குக் கிளையைச் சுற்றி ஒரு லட்சத்து ஆறாயிரம் ஏக்கர், வைல்டு ஸ்கை என்ற பெயரில் 2008 மே மாதம் நிரந்தரமாகக் காக்கப்பட்டது. செனட்டர் பேட்டி மரேயும் பிரதிநிதி ரிக் லார்சனும் வருடக்கணக்கில் விடாமல் தள்ளினார்கள். செனட் 2002-லேயே நிறைவேற்றியது, கீழவையில் முடங்கியது, திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார்கள். கடைசியில் கையெழுத்துப் போட்டவர் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ். அந்தப் பள்ளத்தாக்கைப் பொறுத்தவரை அந்த ரத்து அறிவிப்பால் எதுவும் செய்ய முடியாது. ஆனால் அதன் பக்கத்து மலைகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

இப்போதும் அப்படி ஒரு மசோதா இருக்கிறது. ரோட்லெஸ் பகுதிப் பாதுகாப்புச் சட்டம். எங்கள் மாநில செனட்டர் மரியா கான்ட்வெல் செனட்டிலும், ஆரிகனின் ஆண்ட்ரியா சலினாஸ் கீழவையிலும் 2025-ல் கொண்டுவந்தார்கள். 2001 விதியை அப்படியே சட்டமாக்குவதுதான் அதன் வேலை. போதுமான ஆதரவு இல்லாமல் கிடக்கிறது. ரத்து அறிவிப்புக்குக் கருத்துச் சொல்ல அரசு தந்த அவகாசம் 2025 ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 19 வரை, வெறும் 21 நாள். அதற்குள் ஆறு லட்சத்துக்கு மேல் கருத்துகள் குவிந்தன, மிகப் பெரும்பாலானவை ரத்தை எதிர்த்து. அதற்கு அடுத்த கட்டம் சுற்றுச்சூழல் பாதிப்பு பற்றிய வரைவு அறிக்கை, அதற்கும் கருத்துக் கேட்க வேண்டும்.

போன் போட்டால் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைப்பவர்களுக்கு: அதே 2025 ஜூனில் யூட்டா செனட்டர் மைக் லீ, பொது நிலத்தில் லட்சக்கணக்கான ஏக்கரை விற்கச் சொல்லி பட்ஜெட் மசோதாவில் ஒரு பிரிவைச் சேர்த்தார். வேட்டைக்காரர்கள், மீன்பிடிப்பவர்கள், மலையேறிகள், ஆடு மாடு வளர்ப்பவர்கள் என்று எல்லாப் பக்கமிருந்தும் போன் கொட்டியது. மான்டானா, ஐடஹோ மாநிலங்களின் குடியரசுக் கட்சி செனட்டர்களே முடியாது என்றார்கள். ஜூன் முடிவதற்குள் அவர் அதைத் திரும்பப் பெற்றார்.

நான் பேசுவது இப்படி. வேலைக்குப் போகும் முன் கேபிடல் பொது எண் 202-224-3121-ஐக் கூப்பிட்டு, என் செனட்டர் அலுவலகத்தைக் கேட்பேன். பெரும்பாலும் இளம் பையனோ பெண்ணோ எடுப்பார்கள். பெயர், ஜிப் கோடு சொன்ன பிறகு, "நான் சாலை வடிகால் பொறியாளர். ரோட்லெஸ் பகுதிப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றுங்கள். ஊரகப் பள்ளி நிதியை நிரந்தரமாக்குங்கள்" என்பேன். எழுதிக்கொள்வார்கள். ஒரு காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிடும். உங்கள் தொழிலிலிருந்து ஒரு வாக்கியம் சொல்லுங்கள். மருத்துவராக இருந்தால் புகையைப் பற்றி, ஆசிரியராக இருந்தால் பள்ளி நிதியைப் பற்றி. அச்சடித்த வாசகத்தை வாசிப்பதைவிட அது அவர்கள் காதில் ஏறும்.

எச்-1பி, கிரீன் கார்டில் இருப்பவர்கள் தயங்குவது எனக்குப் புரிகிறது. இந்தக் காலத்தில் அரசாங்கத்திடம் பெயர் கொடுக்கப் பயப்படுகிறவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அரசு விதி மீது கருத்து எழுதக் குடியுரிமை தேவையில்லை. பேச மனமில்லாவிட்டால், குடியுரிமை உள்ள நண்பரிடம் சொல்லிப் பேச வையுங்கள்.

பெல்வியூ, சமாமிஷ், பாதல் பக்கத்து நண்பர்களே, நம் செனட்டர்கள் ஏற்கெனவே நம் பக்கம்தான். நன்றி சொல்ல ஒரு போன் போடுங்கள், அதுவும் உதவும். ஆனால் நான் அதிகம் நம்பியிருப்பது மற்ற மாநிலத் தமிழர்களை. வட வர்ஜீனியாவில் இருப்பவர்கள் கவனியுங்கள்: 1999 அக்டோபரில் கிளிண்டன் இந்த வேலையைத் தொடங்கச் சொன்னது உங்கள் மாநிலத்து ரெடிஷ் நாப் மலைமேல் நின்றுதான், ஜார்ஜ் வாஷிங்டன் தேசியக் காட்டில். ஷார்லட், ராலேயில் இருப்பவர்களுக்குப் பிஸ்காவும் நான்டஹாலாவும், அட்லாண்டாவில் இருப்பவர்களுக்குச் சட்டஹூச்சியும் பக்கம். இலையுதிர் காலத்தில் படம் எடுத்துப் போடும் அந்த மலைகளிலும் சாலையில்லாப் பகுதிகள் இருக்கின்றன. டல்லாஸ், ஹூஸ்டன் நண்பர்கள் ஊரில் இந்தக் காடு அதிகம் இல்லை, ஆனால் உங்கள் இரண்டு செனட்டர்களின் வாக்கு டோங்காஸுக்கும் சேர்த்துத்தான் விழும். உங்கள் பிரதிநிதி மசோதாவில் இணைந்தவரா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள், பதில் வந்தால் எனக்கும் எழுதுங்கள். கருத்துப் பகுதியில் மாநில வாரியாகத் தொகுத்துப் போடுகிறேன்.